சுலைகாவின் ஒரே படம்

கண்ணாடியை உடைத்தது நான்தான்.

போட்டோக் கடையின் பின்கட்டில் மேலே வானம் தெரிகிற சிறிய முற்றம் உண்டு. உச்சி வெயில் நேராகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் படம் பதிந்த அந்தக் கண்ணாடி பிளேட்டை வைத்திருந்தோம். என் கையில் பாதிச் செங்கல். எதிரே மீரான் மரைக்காயர், குடையை மடக்கி இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார். படிக்கட்டின் கடைசிப் படியில் ஹாரு உட்கார்ந்திருந்தாள். அந்தப் படத்தை எடுத்தவள் அவள்தான். படத்தில் இருந்தது மரைக்காயரின் மனைவி சுலைகா.

உடைப்பதற்கு முன்னால் பிளேட்டை எடுத்து ஒரு தடவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் எல்லாம் மாறித்தான் தெரியும். கறுத்த முடி வெள்ளையாக இருந்தது. வெள்ளைப் பல் கறுப்பாக இருந்தது. சிரிப்பு மட்டும் சிரிப்பாகவே இருந்தது.

"உடைக்கட்டுமா பாய்?"

"உடைங்க தங்கச்சி."

மூன்று துண்டாயிற்று. ஒரு துண்டில் பாதி முகமும் ஒரு காதும் கிடந்தன.

"இது போதாதா?"

"தூளாக்கிடுங்க." அவர் குரலில் கோபமே இல்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

தூளாக்கினேன். பெருக்கி அள்ளப் போனபோது ஹாரு என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். அன்று மாலை வரை அவள் என்னோடு பேசவில்லை.

குடும்பப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை?

ஜப்பான்காரி ஒருத்தியின் போட்டோக் கடையில் சில வருஷம் வேலை பார்த்தேன் என்று இந்தப் பத்திரிகையில் முன்பு ஒரு வாரம் போகிற போக்கில் எழுதிவிட்டேன். குடும்பப் பெண்ணுக்குப் போட்டோக் கடையில் என்ன வேலை இருந்திருக்க முடியும் என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். என் மாமியாரும் அதையேதான் கேட்டார்.

என் கணவருக்குத் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை. நாங்கள் குடியிருந்தது சிராங்கூன் ரோட்டில், மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்திருந்தேன். தெருவில் புழங்கும் மலாய் எனக்கு நன்றாக வரும். ஹாருவுக்கும் அந்த மலாய்தான் தெரியும். அவளைத் தேடி வருகிற தமிழ்ப் பெண்களுக்குப் பேச்சை மாற்றிச் சொல்ல, புடவை மடிப்பைச் சரிசெய்ய, பயந்தவர்களைத் தட்டிக்கொடுக்க ஒரு பெண் வேண்டியிருந்தது. அதற்குத்தான் நான்.

பெண்களைப் பெண்ணே படம் எடுப்பது அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் நானறிந்து அந்த ஒரு கடையில்தான். ஹாருவின் கணவரும் படம் எடுப்பவர்தான், ஆனால் துறைமுகத்திலேயே கிடப்பார். அவருக்குக் கப்பல்களின் மேல்தான் ஆசை. மனிதர்கள் அசைகிறார்கள் என்பது அவருடைய குறை.

ஊரெல்லாம் ஒரே நீரூற்று

ஹாருவைப் பற்றிச் சொல்வதற்கு முன் மற்றவர்களைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் செய்ததன் அருமை தெரியாது.

அப்போது ஊரில் பெரிய கடை ஒரு துரையுடையது. பாடாங்கு மைதானத்துப் பக்கம், கூரை முழுக்கக் கண்ணாடி. உள்ளே போனால் ஒரு தூண் இருக்கும். அது மரம்தான், மேலே பளிங்கு மாதிரி வண்ணம் அடித்திருக்கும். பின்னால் ஒரு திரையில் தோட்டமும் நீரூற்றும் வரைந்திருக்கும். பக்கத்து மேசையில் தடியான ஒரு புத்தகம். எழுதப் படிக்கத் தெரியாத மாட்டு வியாபாரிகூட அதன்மேல் கை வைத்துத்தான் நிற்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் ஒரு இரும்புக் கவ்வி, தலை ஆடாமல் இருக்க. பிறகு பென்சிலால் முகத்தைச் சீராக்கி, இரண்டு படி வெளுப்பாக்கிக் கொடுப்பார்.

அந்தப் பாணி ஊரைப் பிடித்துக்கொண்டது. துரை பழைய திரைகளை விற்கும்போதெல்லாம் சின்னக் கடைக்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். அதனால் காத்தோங் பணக்காரர் பங்களாவில் மாட்டியிருந்த படத்திலும் எங்கள் தெருப் பால்காரர் வீட்டுப் படத்திலும் ஒரே நீரூற்றுதான் பொங்கிக்கொண்டிருக்கும். நான் அதைக் கேலி பேசியதுண்டு. இப்போது பேச மாட்டேன். மாடு குளிப்பாட்டிவிட்டு வந்த மனுஷன் ஒரு நாளாவது நீரூற்றுப் பக்கத்தில் நிற்க ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு?

இரண்டு காதும் தெரியணும்

எங்கள் கடைக்கு நாலு கதவு தள்ளி ஒரு சீனர் கடை வைத்திருந்தார். ஆ செங் என்று பெயர். அவரிடம் நிழலே கிடையாது. ஆளை நேருக்கு நேர் உட்கார வைப்பார். இரண்டு கையும் முழங்காலின்மேல் இருக்க வேண்டும், விரல்கள் விரிந்திருக்க வேண்டும். இரண்டு காதும், இரண்டு செருப்பும் தெரிய வேண்டும். யாராவது அழகுக்காக முகத்தைக் கொஞ்சம் திருப்பினால், "நேராப் பாரு லா!" என்று சத்தம் போடுவார். எங்கள் கடை வரைக்கும் கேட்கும்.

எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"என்கிட்ட வர்றவன் எல்லாம் மூட்டை தூக்குறவன், ரிக்‌ஷா இழுக்குறவன். படம் போறது அவன் அம்மாவுக்கு. அம்மா முகத்தை மட்டுமா பார்ப்பா? விரலை எண்ணிப் பார்ப்பா. காது ரெண்டும் இருக்கான்னு பார்ப்பா. நான் பாதி காட்டினா, மீதிக்கு என்ன ஆச்சோன்னு அழ மாட்டாளா?"

அதற்குப் பிறகு அவருடைய கண்ணாடிப் பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் நானும் அந்தப் படங்களில் விரல்களை எண்ணுவேன்.

ஹாரம்மா

ஹாருவிடம் தூணும் இல்லை, திரையும் இல்லை. மாடியறையில் வடக்குப் பார்த்த ஒரு சன்னல், அதில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணி. அவ்வளவுதான். அந்தத் துணியை மட்டும் வாரம் தவறாமல் டோபி காட் சலவைத் துறைக்கு அனுப்பி வெளுத்து வாங்குவாள். துணி அழுக்கானால் முகத்தில் அழுக்கு விழும் என்பாள்.

வருகிற பெண்ணைச் சன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, தன் பாட்டுக்கு வேறு வேலை பார்ப்பாள். படப்பெட்டியைத் துடைப்பாள், தேநீர் போடுவாள். "நந்தி, நந்தி" என்பாள். மலாயில் பொறு என்று அர்த்தம். எங்கள் பெண்கள் சிலர் நந்தி எங்கே என்று திரும்பிப் பார்த்ததும் உண்டு. அவர்கள்தான் அவளை ஹாரம்மா ஆக்கினார்கள்.

ஏன் இத்தனை நேரம் காக்க வைக்கிறாய் என்று கேட்டேன்.

"முதல்ல உடம்புதான் வந்து உட்காரும். முகம் வந்து சேர நேரமாகும்" என்றாள்.

வந்து சேர்ந்துவிட்டது என்று அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ! சத்தமில்லாமல் படப்பெட்டிக் கண்ணின் மூடியைக் கழற்றி, ஒன்று இரண்டு என்று மனசுக்குள் எண்ணி, மறுபடி மூடிவிடுவாள். பாதிப் பேருக்குப் படம் எடுத்தாகிவிட்டது என்பதே தெரியாது.

சன்னலோரம் சுலைகா

சுலைகா மூடிய குதிரை வண்டியில் வந்தாள். என்னைவிட இளையவள், இருபது இருபத்தொன்று இருக்கும். மாடியேறி வந்து துப்பட்டியை விலக்கியதும் இருமினாள். இருமி முடித்து என்னைப் பார்த்த பார்வையிலேயே, அது சாதாரண இருமல் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

நாகூரில் அவளுக்கு ஒரு அக்கா. அவர்கள் வழக்கில் லாத்தா. தாய் இல்லாத சுலைகாவை வளர்த்தது லாத்தாதான். மரைக்காயரைக் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்ததிலிருந்து இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

"நல்லா இருக்கேன்னு எழுதிக்கிட்டேதான் இருக்கேன் அக்கா. லாத்தா நம்ப மாட்டேங்குது. எழுத்துல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க, முகத்தை அனுப்புன்னு சொல்லிவிட்டிருக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இன்னும் ஆறு மாசம் போனா இந்த முகத்தை அனுப்ப முடியாது."

மரைக்காயர் கீழே உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய ஒரு வயசு மகள் அவர் மடியில். ஹாரு வழக்கம்போலத் தேநீர் போட்டாள். சுலைகா தோளை விறைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, நாடியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. முகம் வந்து சேரவில்லை.

அப்போது கீழே குழந்தை அழுதது. அதைச் சமாதானப்படுத்த மரைக்காயர் தாலாட்டுப் பாட ஆரம்பித்தார். ஜவுளிக்கடையில் கணீரென்று விலை சொல்லிப் பழகிய தொண்டை. ராகம் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம். குழந்தை இன்னும் உரக்க அழுதது. அவரும் விடாமல் இன்னும் உரக்கப் பாடினார்.

சுலைகா என்னைப் பார்த்தாள். தோள் தளர்ந்தது. கையால் வாயை மூடப் போனவள் பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கி, உதட்டோரத்தில் மிச்சம் நின்றது. மேல்வரிசைப் பல் கொஞ்சம் தெரிந்தது.

ஹாருவின் கை மூடியில் இருந்தது.

அவர் பயந்தது எதற்கு?

ஒரே ஒரு படம் அச்சுப் போட வேண்டும், அது நேராக நாகூருக்குப் போக வேண்டும், பிளேட்டைத் தன் கண் முன்னால் உடைக்க வேண்டும். இதுதான் மரைக்காயர் போட்ட நிபந்தனை. அதைத்தான் முதலிலேயே எழுதினேன்.

அவரைக் கல் மனசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. அவருடைய உறவில் ஒரு பெண் எப்போதோ ஒரு கடையில் ஆசைப்பட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நாளில் அந்தப் படம் தபால் அட்டையாகி, துறைமுகத்தில் மாலுமிகளிடம் விலைக்குப் போயிருக்கிறது. பெயர்கூட இல்லாமல், 'இந்தியப் பெண்' என்று கீழே அச்சடித்து. அவள் புருஷன் கடை கடையாக ஏறி, கிடைத்த அட்டைகளை எல்லாம் வாங்கிக் கிழித்திருக்கிறார். கப்பலேறிப் போனவற்றை என்ன செய்வது? எந்தக் கடை என்பதை நான் எழுதப் போவதில்லை.

ஹாருவிடம் இதைச் சொன்னேன். "உடைத்தது சரிதான்" என்றாள். "ஆனா நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது."

லாத்தாவின் பதில்

சுலைகா சொன்ன கணக்குக்கு இரண்டு மாசம் கூடுதலாகவே இருந்தாள். மழைக்காலத்தில் போய்விட்டாள்.

அதற்குப் பல மாசம் கழித்து ஒரு பகலில் மரைக்காயர் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அன்று பின்கட்டில் நின்ற மாதிரியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, அந்தக் கண்ணாடி..." என்றார்.

கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தேன்.

"நான்தான் தூளாக்கச் சொன்னேன். எனக்குத் தெரியும். இருந்தாலும், ஒருவேளை நீங்க ரெண்டு கண்ணாடி எடுத்திருந்தா... ஏமாத்தி ஒண்ணை வச்சிருந்தா... நான் கோவப்பட மாட்டேன்."

நாங்கள் திருடிகளாக இருந்துவிட மாட்டோமா என்று ஒரு மனுஷன் ஏங்கி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "இல்லீங்க பாய்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"முகம் மறந்துபோச்சு தங்கச்சி. ராத்திரி பகலா நினைச்சுப் பார்க்கிறேன். கடைசி நாள்ல இருந்த முகம்தான் வருது. அதுக்கு முந்தினது வர மாட்டேங்குது."

அங்கேயே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல லாத்தாவுக்குக் கடிதம் எழுதினேன். படத்தை அனுப்பினால் நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்புவதாக. பதில் வர இரண்டு மாசமாயிற்று. யாரையோ வைத்து எழுதியிருந்தாலும் லாத்தாவின் குரல் அப்படியே கேட்டது.

'படம் என் பெட்டியில இருக்கு. கப்பல்ல அனுப்ப மாட்டேன். ஒரு தடவை அவளைக் கடல்ல அனுப்பினேன், திரும்பி வரல. இன்னொரு தடவை அனுப்பச் சொல்லாதீங்க தம்பி.'

கடைசியில் ஒரு வழியும் சொல்லியிருந்தாள். நாகப்பட்டினத்தில் வயதான ஒரு படக்காரர் இருக்கிறார், அவரை வீட்டுக்கே வரவழைத்து நகல் எடுக்க வைத்து அனுப்புகிறேன் என்று.

மூடிய உதடு

நகல் வந்தது. மரைக்காயர் கட்டைப் பிரிக்காமலே எங்கள் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். தனியாகப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

பிரித்தோம். அட்டையில் ஒரு பெண் இருந்தாள். முகம் ரோஜா நிறம். கிளிப்பச்சைச் சேலை, தங்க ஜரிகை. மூக்கில் பெரிய வளையம், கழுத்தில் ஐந்தாறு வரிசை முத்து. கண் காது வரைக்கும் நீண்டிருந்தது. பின்னால் ஒரு தூண், பக்கத்தில் பூச்சாடி. வாய் சின்ன மொட்டு மாதிரி, சிவப்பாக, இறுக மூடியிருந்தது.

மரைக்காயர் அட்டையைச் சன்னலுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தார்.

"இது யாரு?" என்றார்.

நகலை எடுத்த பெரியவர், அதன்மேல் தன் ஊர் வழக்கப்படி வண்ணம் பூசியிருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் இப்படித்தான் கேட்டு வாங்குவார்கள். இறந்துபோன பெண், நல்ல குடும்பம், பல் தெரியச் சிரிக்கிற மாதிரி இருக்கலாமா என்று நினைத்து மரியாதையாக வாயை மூடிவிட்டிருக்கிறார். இல்லாத நகையை எல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு அக்கறையான வேலை அது. மாப்பிள்ளையின் ஆசைப்படி, நகல் எடுத்த கண்ணாடியையும் சுரண்டிக் கழுவ வைத்துவிட்டதாகவும், படத்தை இனி யார் கையிலும் தர மாட்டேன் என்றும் கூடவே வந்த லாத்தாவின் கடிதம் சொன்னது. ஆக, இன்னொன்று போடவும் வழியில்லை.

ஹாரு அட்டையை வாங்கி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நுனிநாக்கில் விரலைத் தொட்டு, சேலை ஓரத்தில் ஒற்றினாள். விரலில் பச்சை ஒட்டியது.

"பிசின் கலந்த வண்ணம். எண்ணெய் இல்லை" என்றாள். "தண்ணீர்ப் பஞ்சால எடுக்கலாம். ஆனா அடியில இருக்கிற படமும் சேர்ந்து உரிஞ்சு வந்தாலும் வரும்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். மரைக்காயர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உரிஞ்சு வந்துட்டா?"

"ஒண்ணுமே மிஞ்சாது பாய். இப்படியே வச்சுக்கிட்டா இதாவது இருக்கும்."

"இப்படியே வச்சிருந்தா என் மவ இவளைத்தான் உம்மான்னு நினைப்பா" என்றார். "எடுக்கச் சொல்லுங்க."

பஞ்சும் தண்ணீரும்

மூன்று பகல் ஆயிற்று. நல்ல வெளிச்சம் இருக்கிற நேரத்தில் மட்டும்தான் ஹாரு கை வைப்பாள். மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, தண்ணீரில் தொட்டு, பிழிந்து, ஒரு நெல் அளவு இடத்தை ஒற்றி எடுப்பாள். காய விடுவாள். மறுபடி ஒற்றுவாள். தன் ஜவுளிக்கடையை மூட மனம் வராமல் முதல் நாள் பாதியில் போன மரைக்காயர், மறுநாள் ஆளை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் தூணும் பூச்சாடியும் போயின. பின்னால் எங்கள் வெள்ளைத் துணி தெரிந்தது. இரண்டாம் நாள் முத்து மாலை ஒவ்வொரு வரிசையாகப் போயிற்று. காதருகே ஒரு இடத்தில் பஞ்சோடு படமும் பிய்ந்து வந்தது. மிளகு அளவு வெள்ளைப் பொட்டு. ஹாரு குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அன்று அதற்குமேல் தொடவில்லை.

மூன்றாம் நாள் கண். பிறகு மூக்கு வளையம். கடைசியாக வாய்.

சிவப்பு, பஞ்சில் ஊறி ஊறி வந்தது. மொட்டு கரைந்தது. அடியில் ஒரு கோடு விரிந்தது. அப்புறம் ஒரு பல்லின் வெள்ளை.

மரைக்காயர் எழுந்து நின்றுவிட்டார். நகல் என்பதால் படம் மங்கல்தான். ஆனால் சுலைகா வந்துவிட்டாள். தோள் தளர்ந்து, கை பாதி வழியில் நின்று, சிரித்து முடித்த மிச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

குனிந்து பார்த்து, "எதுக்குச் சிரிக்கிறா?" என்று கேட்டார்.

"நீங்க கீழே தாலாட்டுப் பாடினீங்க பாய். அதைக் கேட்டு."

அவர் முகம் என்னவெல்லாமோ ஆயிற்று. "அவ்வளவு மோசமாவா பாடினேன்?" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். நானும் ஹாருவும் தேநீர் போடப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டோம்.

பிய்ந்த இடத்தைப் பென்சிலால் அடைத்துத் தருவதாக ஹாரு சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டார். கண்ணாடியில் இன்னொரு பிரதி எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றார். அவர் மனசு மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. படத்தைத் துணியில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குடையை விரித்து வெயிலில் இறங்கிப் போனார்.

அவர்கள் வீட்டில் சுவரில் படம் மாட்டுகிற வழக்கம் இல்லை. பீரோக் கதவின் உள்பக்கத்தில் வைத்திருந்தாராம். இரண்டு நாள் கழித்து ஆப்பிள் பழம் ஒரு பொட்டலத்தில் கட்டி, எங்களுக்குக் கொடுக்க வந்தார். மகளுக்குக் காட்டினீர்களா என்று கேட்டேன்.

"காட்டினேன் தங்கச்சி. கதவைத் திறந்ததும் பார்த்துச் சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சா. யாருன்னு கேட்கல."

"நீங்க சொல்லலையா?"

"சொல்லல" என்றார். "முதல்ல ரெண்டு பேரும் கொஞ்ச நாள் சிரிச்சுப் பழகட்டும்னு விட்டுட்டேன்."